தூங்காத துடைப்பம் கிழிந்தது எப்படி?

யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகம் எப்படிக் கிழியும்?

காலை ஏழரை மணிக்கு, சாப்பாட்டு மேஜையில், இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள் பள்ளி நூலக ஆசிரியை. எதிரே பசை டப்பா, தேய்ந்த பிரஷ், மெல்லிய துணிப் பட்டை, ரப்பர். நடுவில் அந்தப் புத்தகம். 'தூங்காத துடைப்பம்'. மொத்தமே இருபத்து நான்கு பக்கம். முதுகில் ஒரு பச்சைப் புள்ளி.

பள்ளி திறந்த வாரம் புதிதாக வாங்கியது. பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. பதிவேட்டிலும் இல்லை. ஐந்து மாதமாக அது அலமாரியை விட்டு நகரவே இல்லை என்றுதான் கணக்கு. ஆனால் முதுகு பிளந்திருந்தது. மூலைகள் உருண்டிருந்தன. கட்டைவிரல் படும் கீழ் ஓரம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒட்டிக் கொண்டுபோய் வைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி பிளந்துகொள்கிறது. இது மூன்றாவது முறை.

"எலியா இருக்கும்" என்றான் கணவன், ஷூவின் கயிற்றைக் கட்டியபடி. அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"எலி கடிக்கும். பக்கத்தைப் புரட்டாது."

"படிச்ச எலியா இருந்தா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பி, அங்கங்கே இருந்த பென்சில் கிறுக்கல்களை ரப்பரால் தேய்த்துக்கொண்டே போனாள். கிறுக்கல் என்றால் அழிப்பது, நின்று படிப்பதில்லை. பன்னிரண்டு வருடத் தொழில் பழக்கம் அது. துகள்களை ஊதிவிட்டு, முதுகுக்குப் பசை தடவி, துணிப் பட்டையை வைத்து விரலால் அழுத்தினாள். டேப் ஒட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் டேப் ஒரு வருடம் பிடித்திருந்துவிட்டு, பிறகு காகிதத்தையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும். துணி அப்படியில்லை. புத்தகம் திறக்கும்போது கூடவே வளையும்.

"எங்க வேலையில ஒண்ணு உண்டு" என்றான் கணவன். "ஒரு கட்டடத்துல எந்த மாடிக்கு அதிகம் போறாங்கன்னு தெரியணும்னா ரெஜிஸ்டரைப் பாக்க மாட்டோம். பொத்தானைப் பாப்போம். எது தேஞ்சிருக்கோ அங்கதான் ஆள் போறாங்க. பொத்தான் பொய் சொல்லாது."

"அப்ப என் ரெஜிஸ்டர் பொய் சொல்லுதா?"

"நான் லிஃப்ட்டைச் சொன்னேம்மா."

தலை வாரி முடித்த மகள் வந்து நின்றாள். நாலாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர் சில்லு. இன்றுவரை அது மாறவில்லை. கையில், மதியம் பள்ளியில் பேச வேண்டியதை எழுதிய ஓர் அட்டை. பையில் ஒரு தடிப் புத்தகம்: 'ஒன்பது கலங்கரை விளக்கங்கள்', முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், சிவப்புப் புள்ளி.

"இன்னொரு தடவை சொல்லிக் காட்டு" என்றாள் அம்மா.

சில்லு அட்டையைப் பார்க்காமலே ஒப்பித்தாள். "எனக்குப் பிடித்த புத்தகம் ஒன்பது கலங்கரை விளக்கங்கள். இதில் வரும் சாகசங்கள் என் கற்பனையை விரிவாக்கின. அனைவரும் படிக்க வேண்டிய நூல்."

"கற்பனை விரிஞ்சுதாடி?" என்றான் அப்பா.

"விரிஞ்சுதுன்னு அம்மா சொன்னாங்க."

அம்மாவின் விரல் முதுகுப் பட்டையில் ஒரு கணம் நின்றது.

சென்ற வாரம் பள்ளி வாசலில் நடந்ததை அவள் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லுவின் கையில், எளிய புத்தகம் என்று பச்சைப் புள்ளி ஒட்டிய ஒன்று இருந்தது. சுற்றிலும் வகுப்புப் பிள்ளைகள். "நாலாவது வந்தாச்சு, இன்னும் பச்சையா? லைப்ரரி மிஸ் பொண்ணே இப்படின்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொன்னதோடு விடாமல், அதை வாங்கிக்கொண்டு சிவப்பு ஒன்றைக் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து சில்லுவின் கையில் பச்சையைக் காணவே இல்லை. பிடித்த புத்தகத்தைப் பற்றி எழுதக் கொடுத்த அட்டை ஞாயிற்றுக்கிழமை வரை வெறுமையாகவே கிடந்தது. கடைசியில் அம்மாவே எழுதினாள். சின்ன உதவிதானே என்று அப்போது தோன்றியது.

கணவன் மகளின் பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்தான். அதன் முதுகை மேஜையில் நிறுத்தி, இரண்டு கையையும் விட்டான். புத்தகம் தொப்பென்று திறந்தது. நூற்று ஐம்பதாம் பக்கம். மூடி மறுபடி நிறுத்தினான். மறுபடி நூற்று ஐம்பது.

"ஒரே மாடிக்குத்தான் போகுது" என்றான். "முழுசாப் படிச்ச புத்தகம்னா எங்க வேணா திறக்கும் இல்லையா?"

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றாள் அவள்.

சில்லு புத்தகத்தைப் பறித்துப் பைக்குள் வைத்தாள்.

பள்ளி நூலகத்தில் எண்ணூறு புத்தகங்கள். மூன்று வருடத்துக்கு முன்பு, தனக்குத் தகுந்த புத்தகம் எது என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியட்டும் என்றுதான் அவள் புள்ளி ஒட்ட ஆரம்பித்தாள். எளியது பச்சை, நடுத்தரம் மஞ்சள், கடினம் சிவப்பு. சுவரில் ஒரு பெரிய அட்டவணை. யார் என்ன நிறம் படித்தார்கள் என்று அதிலும் புள்ளி. முதல் வருடம் எல்லா நிறமும் கலந்திருந்தது. இந்த வருடம் நாலாம் வகுப்பு முழுவதும் சிவப்பு. தலைமை ஆசிரியைக்கு ஏகப்பட்ட பெருமை.

"திங்கக்கிழமை நாலு ஸ்கூல்லேர்ந்து வர்றாங்க. உங்க சுவரைத்தான் பாக்க வர்றாங்க" என்று காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பதினோரு மணிக்கு நாலாம் வகுப்பின் நூலகப் பாடவேளை. 'தூங்காத துடைப்பம்' இன்னும் காயவில்லை. மேஜை மேல் இரண்டு அகராதிகளுக்கு அடியில் அழுந்திக் கிடந்தது.

முதலில் ஒரு குண்டுப் பையன் கீழ்த்தட்டுக்குப் போனான். குனிந்தான். வரிசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். வெறுங்கையோடு திரும்பினான். கொஞ்ச நேரம் கழித்து இரட்டைச் சடைக்காரி ஒருத்தி. அதே தட்டு, அதே துழாவல். மூன்றாவதாகச் சில்லு.

"இல்லையா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"காணோம்."

அவள் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மேஜையை அவளே இடம் பார்த்துப் போட்டது. இங்கிருந்து எல்லா முகமும் தெரியும். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தடித் தடிப் புத்தகங்களை நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் அவளைப் பார்த்தன. ஐந்து மாதமாக இந்தக் காட்சியைப் பார்த்துப் பூரித்தவள் அவள்.

இன்றைக்கு ஏனோ எழுந்தாள். மேல்தட்டில் எதையோ தேடுவதுபோல ஏணியில் ஏறினாள். ஐந்தாவது படியில் நின்று, கீழே திரும்பிப் பார்த்தாள்.

மேலிருந்து புத்தகங்களின் உட்புறம் தெரிந்தது.

எப்போது எடுத்தானோ, குண்டுப் பையனின் தடிப் புத்தகத்துக்குள் வேறொரு மெல்லிய புத்தகம். இரட்டைச் சடைக்காரியிடமும். ஜன்னலோரத்தில் இரண்டு பேர் ஒரே சிவப்புக்குள் ஒரே பச்சையை வைத்து, தோளோடு தோள் ஒட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினாள். பதினொன்று. சில்லுவின் புத்தகம் நூற்று ஐம்பதாம் பக்கத்தில் விரிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவள் வெறுமனே அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. தடிப் புத்தகம் ஏன் ஒரே இடத்தில் திறக்கிறது. அங்கேதான் தினமும் இன்னொன்றைத் திணிக்கிறார்கள். மெல்லியது ஏன் பிளக்கிறது. முந்நூறு பக்கப் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்தால் பின் அடித்த மெல்லிய முதுகு எத்தனை நாள் தாங்கும்? பதிவேட்டில் ஏன் இல்லை. பதிய வேண்டுமென்றால் அவள் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். பச்சைப் புள்ளியோடு.

புள்ளி ஒட்டியது அவள். அதைப் பார்த்துச் சிரித்ததும் அவள்தான். விளக்கடியில் இருட்டு என்பார்கள். அவள் அடியில் உட்காரக்கூட இல்லை. விளக்கையே கையில் வைத்திருந்தாள்.

ஏணியிலிருந்து இறங்கினாள். சில்லுவைக் கூப்பிட்டு, 'நீ இன்னிக்கு எதுவும் சொல்ல வேணாம்' என்று சொல்லிவிட நினைத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிறகு மதிய உணவு, பெஞ்சுகளை நகர்த்துவது, பெற்றோருக்குத் தண்ணீர். சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை அவள் தேடவே இல்லை என்பதுதான் உண்மை.

மூன்று மணிக்குப் 'பிடித்த புத்தக நேரம்' தொடங்கியது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புக்குப் புத்தகம் சொல்வார்கள். இரண்டாம் வகுப்பு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் பெற்றோர், குட்டி பெஞ்சுகளில் முழங்கால் தாடையைத் தொட. ஓரத்தில் தலைமை ஆசிரியை.

ஆறாவதாகச் சில்லு வந்தாள். காலையில் சொன்னது போலவே, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். கைதட்டினார்கள்.

தரையிலிருந்து ஒரு பொடிசு கையைத் தூக்கியது. "அக்கா, அதுல எந்தப் பக்கத்துல சிரிப்பு வரும்?"

சில்லு அட்டையைப் பார்த்தாள். அதில் அது இல்லை.

"சொல்லுக்கா."

சில்லுவின் காது மடல் சிவந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். எப்படியாவது எடுத்துக்கொடு என்கிற பார்வை. அம்மாவால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. அவளும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. பின்னட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்துத்தான் அந்த மூன்று வரியையும் எழுதினாள்.

ஒரு பெற்றோர் இருமினார்.

"அந்த அக்காவுக்குத் தெரியாதுடா கண்ணு" என்று அம்மா எழுந்து நின்றாள். "எனக்கும் தெரியாது. அந்தக் கார்டை எழுதினது நான். படிக்காமலே எழுதினேன். அவ பேர்ல தப்பு இல்ல."

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்ட கடனை உடனே தீர்த்துவிடும் அவசரம் அவளுக்கு. அகராதிகளை நகர்த்தி, ஒட்டிக் காய்ந்த 'தூங்காத துடைப்ப'த்தை எடுத்து மகளிடம் நீட்டினாள். "உனக்கு நிஜமாப் பிடிச்சது இதுதானே? இதைப் பத்திச் சொல்லு."

பச்சைப் புள்ளி அறை முழுவதற்கும் தெரியும்படி அவள் கையில் இருந்தது. சில்லு ஓர் அடி பின்னால் போனாள்.

"அது என்னுது இல்ல, மிஸ்" என்றாள்.

இரட்டைச் சடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். குண்டுப் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அடுத்த பெயரைத் தலைமை ஆசிரியையே கூப்பிட்டார். எல்லாம் முடிந்து வெளியே போகும்போது, "நாளைக்கு என்னை வந்து பாருங்க" என்றார். கோபமா என்று தெரியவில்லை. அவர் கண் அவளிடம் இல்லை, சுவரில் இருந்தது.

நாலரை மணிக்கு நூலகம் காலியாக இருந்தது. பள்ளிக்குள் அம்மாவை 'மிஸ்' என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட விதி. மணி அடித்த பிறகு அது கிடையாது. ஆனால் சில்லு கதவருகில் நின்று, "மிஸ், நான் வெளியில வெயிட் பண்ணட்டுமா?" என்றாள்.

அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

"உள்ள வா" என்றாள் அம்மா. கீழ்த்தட்டின் முன் உட்கார்ந்து, முதல் புத்தகத்தின் பச்சைப் புள்ளியை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். பாதி வந்தது, பாதி அட்டையின் வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அழைத்துப் போக வந்த கணவன் வாசலில் நின்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். நடந்ததை அவள் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நகத்தால எடுக்காதே" என்றான் கடைசியில். கருவிப் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தான். பழைய மாடி எண் ஸ்டிக்கர்களை எடுக்க அவன் வைத்திருப்பது அது. "கோபத்துல எடுத்தா பாதிதான் வரும். சூடு பண்ணணும். பசை இளகினதும் ஓரத்தைப் பிடிச்சு, மேல தூக்காம, பின்னாடி மடிச்சு இழுக்கணும். இந்தா."

புள்ளி முழுசாக வந்தது. ஒன்று, இரண்டு, பத்து. சில்லு தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள். பிறகு, "நான் பிடிக்கிறேன்" என்று புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு எடுக்கிற?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஒட்டியிருக்கவே கூடாது. அன்னிக்கு வாசல்ல நான் சொன்னதும் தப்பு. இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீட்டினது அதைவிடத் தப்பு."

சில்லு 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பி அடுத்த புள்ளியைக் காட்டினாள்.

"புள்ளி இல்லாம, எது யாருக்குச் சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?" அம்மாவுக்கு அது நிஜமான கவலை. "உங்களுக்குத் துடைப்பம் எப்படித் தெரிஞ்சுது? புள்ளியைப் பாத்துத்தானே?"

"புள்ளியைப் பாத்து யாரு எடுப்பா? நடுவுல ஒரு பக்கம் படிச்சுப் பாத்தாலே நமக்கு வருதான்னு தெரிஞ்சிடும்." சில்லு பேச்சை இழுத்தாள். "அப்புறம் உள்ள எழுதியிருக்கும்ல. அதைப் பாத்துதான் எல்லாரும் எடுப்போம்."

"உள்ள என்ன எழுதியிருக்கும்?"

"பென்சில்ல. நீ அழிப்பியே, அது."

ஹேர் டிரையரின் சத்தம் நின்றது. கணவன் அதை அணைத்திருந்தான்.

பென்சில் எழுத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று கரி, அது ரப்பரோடு போய்விடும். மற்றது பென்சில் முனை காகிதத்தில் அழுத்திய பள்ளம். அதை ரப்பர் ஒன்றும் செய்யாது. அவளுக்கு அது தெரியும். 'தூங்காத துடைப்ப'த்தை எடுத்து ஜன்னலருகே போனாள். பக்கத்தைப் படுக்கையாகப் பிடித்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தாள். பள்ளங்களில் நிழல் சேர்ந்தது. எழுத்து எழுந்து வந்தது.

ஏழாம் பக்கம்: அடுத்த பக்கம் சிரிப்பு வரும். ரெடியா இரு.

பதினைந்தாம் பக்கம்: இங்க பயமா இருக்கும். ஆனா ஒண்ணும் ஆகாது.

"பயம் எழுதினது நான்" என்றாள் சில்லு.

கடைசிப் பக்கத்தில் எழுத்து அழுத்தமாக, நடுங்கி நடுங்கி இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே வரி மூன்று முறை. பிரித்துப் படிக்க நேரமாயிற்று.

முடிச்சிட்டேன். இதே மாதிரி வேற எது. எனக்கு இதுதான் படிக்க வருது. நான் அஞ்சாம் வகுப்பு.

"யாரு இது?"

"தெரியாது. யாரும் பேர் எழுத மாட்டோம்." சில்லு தரையைப் பார்த்தாள். "மூணு தடவை கேட்டிருக்காங்க. நான் ரெண்டு தடவை பதில் எழுதினேன். நீ ஒட்டறதுக்கு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தா, எல்லாம் போயிருக்கும்."

எண்ணூறு புத்தகத்துக்கும் புள்ளி ஒட்டிப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்துவிட்டதாக நினைத்திருந்தாள். அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சிபாரிசை மாதம் ஒரு முறை, சுத்தமாக, துகள்கூட இல்லாமல் ஊதித் துடைத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று மாதக்கணக்காகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையும் தினமும் ஒரு சிவப்புப் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கும்.

"நாளைக்கு ஹெச்.எம்.கிட்ட என்ன சொல்லப் போற?" என்று கணவன் மெதுவாகக் கேட்டான். "திங்கக்கிழமை ஆள் வர்றாங்களே."

"தெரியல" என்றாள். "இதை முதல்ல செய்யறேன்."

இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தாள். புத்தகத்தின் அளவுக்குக் கத்தரித்தாள். காகிதம் வளையாமல் இருக்க ஓரத்தில் மட்டும் பசை தடவி, பின்னட்டைக்குள், ஒரு முத்திரையும் விழாத தேதிச் சீட்டுக்கு எதிரே ஒட்டினாள். பென்சிலை மகளிடம் கொடுத்தாள்.

சில்லு யோசித்தாள். பிறகு எழுதினாள்: இது முடிஞ்சா மேல் தட்டுல 'கோணல் குடை' இருக்கு. அதுவும் உனக்கு வரும்.

"நீயும் எழுது, அம்மா" என்று பென்சிலை நீட்டினாள்.

"நான் இன்னும் படிக்கலையே."

"படிச்சுட்டு எழுது."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்து நான்கு பக்கத்தையும் படித்தாள். எட்டாம் பக்கத்தில் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொரு தாளை எடுத்து, அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டுவதற்காக, மகள் சொல்லச் சொல்ல எழுதினாள்.

புத்தகத்தின் முதுகில் புள்ளி கிடையாது. நடுவில் ஒரு பக்கம் படித்துப் பார்த்து, வந்தால் எடுத்துக்கொள்ளலாம். படித்தவர்கள் அடுத்தவருக்காகப் பின்னட்டைத் தாளில் ஒரு வரி எழுதலாம். பெயர் வேண்டாம், வகுப்பு வேண்டாம். எழுதியதை நூலக ஆசிரியை படிக்கலாம், அழிக்கக் கூடாது.